முப்பத்தொன்பதாம் வருசச் சல்லி

சம்பளத்தன்று அந்தியில் அப்பாயி குப்பி விளக்கைத் தரையில் இறக்கி வைப்பாள். பக்கத்தில் சாக்கை விரித்து, மடியில் முடிந்து வந்த சில்லறையைக் கொட்டுவாள். எதிரே நான் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பேன். தாள் காசை விரலால் தடவியே பிரித்துவிடுவாள். அதற்கு என் துணை வேண்டியதில்லை. சல்லிக்குத்தான் நான். ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளி, "என்னா வருசம் போட்டிருக்கு, பாரு ராசா" என்பாள்.

"நாப்பத்து மூணு."

"இது?"

"நாப்பத்து நாலு."

"இது?"

"நாப்பத்து ரெண்டு, அப்பாயி."

"முப்பத்தொம்பது இருக்கா? நல்லாப் பாரு."

இருக்காது. ஒரு மாதமும் இருந்ததில்லை.

எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், லயத்து வரிசை வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, வாசலில் இஸ்தோப்பு, இஸ்தோப்பில் அடுப்பு. மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பாயிக்கு எழுத்தும் தெரியாது, இலக்கமும் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த இலக்கங்களுக்குக் கிடைத்த முதல் வேலை அந்தச் சல்லிகளை வாசிப்பதுதான். மாஸ்டர் கரும்பலகையில் எழுதிய நாலை விட, செப்பில் மேடிட்டிருந்த நாலு என் விரலுக்கு நன்றாகப் பழகியிருந்தது. விளக்கு வெளிச்சம் போதாமல் போனால் கட்டைவிரலால் தடவிச் சொல்லிவிடுவேன். சாப்பிடும்போது கையில் அந்தச் செப்பு வாடை அடிக்கும். ரொட்டியும் கட்டச் சம்பலும் அந்த வாடையோடு சேர்ந்துதான் இன்றும் என் நினைவுக்கு வருகின்றன.

சம்பளம், காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நடக்கும். மேசை போட்டுப் பெரிய கிளாக்கர் செக்ரோல் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்' என்பதுதான். முழுநாள் நின்றால் ஒரு பேர். மழை கொட்டி மத்தியானத்தோடு அனுப்பிவிட்டால் அரைப் பேர். மாதம் முழுவதும் விழுந்த பேர்களைக் கூட்டி, அதிலிருந்து அரிசிக்கு, மாவுக்கு, தேயிலைத்தூளுக்கு, டோபிக்கு, முடிவெட்டுபவருக்கு, கோயிலுக்கு, சங்கத்துக்கு என்று கழித்துக்கொண்டே போனால், கடைசியில் கைக்கு வருவதில் தாளை விடச் சில்லறைதான் கனமாக இருக்கும். தாத்தா இறந்தபிறகு அப்பாயி தன் சம்பளத்தைத் தானே போய்க் கையேந்தி வாங்கினாள். முந்தானையை முடிச்சிட்டு, அந்த முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மலைப்பாதையில் ஏறி வருவாள்.

அவளுடைய இளமைக் கணக்கு முழுவதும் சதத்தில்தான். "ஆம்பளைக்கு அம்பத்து நாலு, பொம்பளைக்கு நாப்பத்து மூணு, புள்ளைக்கு முப்பத்து ரெண்டு" என்று வாய்ப்பாடுபோல ஒப்புவிப்பாள். அது அவள் கற்பனை இல்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், 1929இல் உயர்மலைத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் 11 சதம். அந்தப் பதினொரு சதத்தைப் பற்றி அப்பாயி எதுவும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் 'நாப்பத்து மூணு' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்குவாள்.

அந்த ஒரு சதச் சல்லிக்கு ஒரு விசேஷம் உண்டு. பெரியவனாகித் தேடித்தான் அதைத் தெரிந்துகொண்டேன். இலங்கை 1948 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திரம் பெற்றது. ஆனால் 1945க்குப் பிறகு 1963 வரை புதிய ஒரு சதம் அடிக்கப்படவே இல்லை. சுதந்திரம் வந்து பதினைந்து வருடங்கள் ஆனபிறகும், கடையில் பீடி வாங்குகிறவர் கையிலும் உண்டியலில் போடுகிறவர் கையிலும் இருந்தது வெள்ளைக்காரன் காலத்துச் சல்லிதான். கொடி மாறியது, பாட்டு மாறியது, பிரதமர்கள் மாறினார்கள். ஏழை கையிலிருந்த மிகச் சிறிய காசில் மட்டும் ஆறாம் ஜார்ஜ் அரசர் இடப்பக்கம் பார்த்தபடியே இருந்தார்.

அரசரின் தலையைச் சுற்றி ஆங்கிலத்தில், அவர் ஆறாம் ஜார்ஜ், அரசர், இந்தியாவின் சக்கரவர்த்தி என்று பொறித்திருந்தது. இலங்கைச் சல்லியில் இந்தியாவின் பெயர். திருப்பினால் நடுவில் ஒரு மரம். மரத்தின் இரு மருங்கிலும் சதம் என்ற பெறுமதி சிங்களத்திலும் தமிழிலும் இருக்கும். சுற்றிலும் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர், பெறுமதி, வருடம். அந்தத் தமிழ் எழுத்துகளைக் காட்டி, "இது நம்ம எழுத்து அப்பாயி" என்று ஒருநாள் சொன்னேன். சல்லியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். எழுத்து அவளுக்குத் தெரியாது. "அப்ப இந்த மரம் நம்ம ஊர்ப் பனதான்" என்றாள்.

சேகரிப்பாளர்கள் அதைத் தாளிப்பனை என்பார்கள். அப்பாயிக்கு அது முசிறிப் பக்கத்துப் பனை. ஐந்து வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்து வந்தவள் அவள். முகாமில் எல்லாரையும் நிறுத்தி மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்தது அவளுக்கு நினைவிருந்தது. அம்மாவின் கழுத்தில் இலக்கம் குத்திய தகர வில்லை தொங்கியதும் நினைவிருந்தது. 1901 முதல் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த முறை அது. எந்தத் தோட்டத்து ஆள், எத்தனையாவது ஆள் என்பதை அந்த வில்லை சொல்லும். சம்பளக் காசு கைக்கு வருமுன்பே இந்தத் தீவு எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்த உலோகம் அதுதான். ஹட்டன் மலையில் நாலாயிரம் அடி உயரத்தில் பனை வளராது. நான் முதன்முதலில் பனையைப் பார்த்தது சல்லியில். நேரில் பார்த்தது பல வருடம் கழித்து, மன்னாருக்குப் போகும் கோச்சியின் ஜன்னலில். அன்று என் மனதில் வந்தது மரம் இல்லை. 'அட, சல்லியில இருக்கிறது' என்பதுதான்.

எல்லாச் சல்லியும் ஒன்றுபோல இல்லை என்பதையும் அப்பாயிதான் கற்றுத்தந்தாள். இஸ்தோப்புக் கல்லில் ஒன்றைப் போடுவாள், கனமாக விழும். இன்னொன்றைப் போடுவாள், சன்னமாகச் சிணுங்கும். "மொதல்ல உள்ளது சண்டைக்கு முந்தி. இது சண்டைச் சல்லி" என்பாள். 1942வரை ஒரு சதம் செம்பில் வந்தது, எடை 4.72 கிராம். அந்த வருடத்திலேயே தகட்டை மெலிதாக்கி வெண்கலத்தில் அடிக்கத் தொடங்கினார்கள். அகலம் அதே, படம் அதே, எடை மட்டும் பாதி. பழைய அரைச் சதத்தின் எடைதான் புதிய ஒரு சதத்துக்கும். 1942 என்று போட்ட சல்லி மட்டும் இரண்டு வகையிலும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து விளிம்பைப் பார்த்தால் சண்டை எங்கே வந்தது என்று தெரியும்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில். பர்மா விழுந்தது, பர்மா அரிசி நின்றது. அதுவரை அரிசிச் சோறு சாப்பிட்ட லயங்களுக்குக் கோதுமை மா பங்கீட்டில் வந்தது. இன்று மலையகத்தான் சாப்பாடு என்றால் ரொட்டி என்கிறோம். அந்த ரொட்டிக்கும் அந்த மெலிந்த சல்லிக்கும் வயது ஒன்றுதான். பத்துச் சதத்திலிருந்து வெள்ளி போனது. 1944இல் நெளி விளிம்போடு பித்தளை நிறத்தில் இரண்டு சதமும் பத்துச் சதமும் வந்தன. உலோகம் அறவே பற்றாத 1942இல் ஐந்து சதத்தைக்கூடத் தாளில் அச்சிட்டார்கள். நடுவே ஊசித்துளை போட்ட தாள். கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மறு துண்டு மூன்று சதம். அப்பாயி அதைக் கடைக்காரரிடம் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். "காசக் கிழிக்கக் கை வரல ராசா. கைநாட்டு வச்ச கடுதாசியக் கிழிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

ஒருமுறை அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து, தகரத்திலிருந்த சல்லிகளையெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டேன். தண்ணீர்ப் பீலிக்கரையில் உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேய்த்தேன். புதுக் குடம்போல் பளபளத்தன. கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் முகம் வாடிப்போனது. ஒன்றை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். "தாத்தா கை போயிருச்சே" என்றாள். திட்டவில்லை. பழைய நாணயத்தைத் தேய்க்கக் கூடாது என்பது சேகரிப்பின் முதல் பாடம். செம்பின் மேல் காலம் படியவைத்த கபில நிறம் போனால், திரும்ப வர இன்னொரு ஆயுள் வேண்டும். அந்தப் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த வாடிய முகத்தில் படித்தேன்.

தகரம் என்றேன். அது ஒரு பழைய பிஸ்கட் தகரம். மேலே இருந்த படம் உரிந்துபோய் என்ன படம் என்றே தெரியாது. அதற்குள்தான் தாத்தாவின் வருசங்கள் இருந்தன.

தாத்தாவை எனக்கு மங்கலாகத்தான் தெரியும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்து இருமுவார். அவர் கவ்வாத்து வெட்டுவதில் பேர் எடுத்தவர் என்று சொல்வார்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை வெளியே நிறுத்தியது. அடுத்த வருடம், 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. மனுப் போடலாம், ஆனால் இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். கல்யாணம் ஆனவர் என்றால் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முந்திய ஏழு வருடம். ஆகாதவர் என்றால் பத்து. நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது. 1951 ஆகஸ்ட் வரை காலக்கெடு. மலையெங்கும் விண்ணப்பங்கள் எழுதினார்கள். குடும்பம் குடும்பமாக 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள் போயின.

தாத்தாவுக்கு ஏழு வருடம். கணக்கப்பிள்ளை விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து. இந்த ஏழு வருடமும் இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? தாத்தாவிடம் கடுதாசி எதுவும் இல்லை. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். செக்ரோல் ஆபீஸில். பிறந்தநாளைக் கோயில் திருவிழாவை வைத்துச் சொல்பவர் அவர். வெட்டிய தேயிலை மலையைக் காட்டலாம். மலை வாய்விட்டுச் சொல்லாது.

அப்போதுதான் சல்லி அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதில் நாட்டின் பெயர் இருக்கிறது. தமிழ் இருக்கிறது. வருடமும் இருக்கிறது. சம்பளமாக அவர் கையில் விழுந்தது. வேலை செய்யாமல் சம்பளம் விழாது. இங்கே இல்லாமல் வேலை செய்ய முடியாது. தாத்தாவின் நியாயம் அவ்வளவுதான். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு சல்லி சேர்த்துவிட்டால், கேட்கிறவர் முன்னால் வரிசையாக வைத்துவிடலாம் என்று நினைத்தார். சல்லி கைமாறிக் கைமாறி வருவது, யார் கையிலும் எந்த வருடத்துச் சல்லியும் இருக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் கேட்டிருக்க மாட்டார். உழைத்ததற்குக் கையில் மிஞ்சிய ஒரே சாட்சி அதுதானே.

முப்பத்தேழு கிடைத்தது. தேவையில்லை என்றாலும் வைத்துக்கொண்டார். முப்பத்தெட்டில் ஓர் அரைச் சதம் கிடைத்தது. நாற்பதில் ஒரு சதம். நாற்பத்தொன்றுக்கு எங்கும் ஒரு சதம் கிடைக்காமல், கடைசியில் வெள்ளிப் பத்துச் சதம் ஒன்றை, செலவழிக்க மனமில்லாமல் வைத்திருந்த ஒரு கிழவியிடம் பதினைந்து சதம் கொடுத்து வாங்கினார். நாற்பத்திரண்டு முதல் நாற்பத்தைந்து வரை எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது. சண்டைக் காலத்தில் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய சல்லி. முப்பத்தொன்பது மட்டும் கிடைக்கவில்லை. ஹட்டன் பஜாரில் தேடினார். மஸ்கெலியாக் கடைகளில் தேடினார். திருவிழா முடிந்து கோயில் உண்டியலை எண்ணும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அந்த முப்பத்தொன்பதாம் வருசம் அவருக்குச் சும்மா ஒரு வருசம் இல்லை. அந்த ஆகஸ்டில் இந்திய அரசு, கூலி வேலைக்கு இலங்கை போவதைத் தடை செய்தது. இங்கிருப்பவர்கள் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமா என்ற பயம் லயம் லயமாகப் பரவியது. அந்த வருட ஐப்பசியில்தான் முசிறியில் அவருடைய அம்மா இறந்தார். கடுதாசி வந்தது. தாத்தா போகவில்லை. பீலியில் தலைமுழுகிவிட்டு, மறுநாள் பெரட்டுக்குப் போனார். 'அந்த வருசம் நான் இங்கதான் இருந்தேன்' என்று சத்தியம் செய்யக் கூடிய ஒரு வருடம் அவர் வாழ்க்கையில் உண்டு என்றால் அது அதுதான். அதற்குத்தான் சல்லி இல்லை.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று, இருந்த சல்லிகளைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் செருகிக்கொண்டு போனார். அங்கே கேட்ட கேள்விகளுக்குக் கைகட்டிப் பதில் சொன்னார். கைக்குட்டையை எடுக்கவில்லை. "ஏன் எடுக்கல" என்று அப்பாயி கேட்டதற்கு, "ஒண்ணு கொறையுதே" என்றாராம். மனு தள்ளுபடியானது. 1961இல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகவே இறந்தார். நெற்றியில் காசு வைக்கும் நேரம் வந்தபோது, தகரத்திலிருந்து எடுக்க அப்பாயி சம்மதிக்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் வாங்கித்தான் வைத்தார்கள். "அது வரிசைக் காசு. வரிசை கலைஞ்சிரும்" என்றாள்.

அதன்பிறகு தேடுவது அவள் பொறுப்பானது. வாசிப்பது என் பொறுப்பு.

1963இல் புதிய சல்லி வந்தது. அரசர் இல்லை. நாட்டின் இலச்சினை, மூன்று மொழி. ஒரு சதம் இப்போது அலுமினியம். பீலித் தொட்டித் தண்ணீரில் மெதுவாக வைத்தால் மூழ்காமல் மிதக்கும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் எல்லாரும் அதை மிதக்கவிட்டு ஊதி ஊதிப் பந்தயம் விடுவோம். எனக்கு அது பெரிய அதிசயம். அப்பாயி அதை உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்துவிட்டு, "இதுல எப்புடி வருசம் நிக்கும்" என்றாள். மாதாமாதம் அவள் மடியில் செப்புச் சல்லி குறைந்துகொண்டே வந்தது. நான் வாசிக்க வேண்டியதும் குறைந்தது. ஒரு சம்பளத்தன்று அவள் கொட்டிய சில்லறையில் பழையது ஒன்றுகூட இல்லை. அன்று அவள் என்னைக் கேட்கவில்லை. சாக்கை மடித்து வைத்துவிட்டு, விளக்கை மாடத்தில் ஏற்றிவிட்டாள்.

தகரத்தில் வரிசையில் சேராத ஒன்றும் இருந்தது: நடுவில் வட்டமாகத் துளை விழுந்த ஓட்டைக் காலணா. 1943 முதல் இந்தியாவில் வந்த வெண்கலச் சல்லி அது. அங்கும் சண்டை, அங்கும் உலோகப் பஞ்சம். இங்கே தகட்டை மெலிதாக்கினார்கள், அங்கே நடுவை எடுத்துவிட்டார்கள். 1946இல் மண்டபம் வழியாக வந்த ஒரு உறவுக்காரர் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தது. அப்பாயி அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து என் அப்பாவின் இடுப்பில் கட்டியிருந்தாள்; தம்பி பிறந்தபோது அவன் இடுப்புக்கு வந்தது. இரண்டு சல்லியும் ஒரே அரசர் காலத்தவை. துளை போட்டதில் அரசரின் முகம் இல்லை, கிரீடம் மட்டும் இருக்கிறது. ஒருநாள் அதையும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அதில் தமிழ் இல்லை. ஊரிலிருந்து வந்த காசில் நம் எழுத்து இல்லை. நம்மை ஊர்க்காரன் இல்லை என்ற நாட்டின் காசில் நம் எழுத்து இருக்கிறது. அந்த வயதில் அது எனக்குப் புரியவில்லை. புரிந்தபிறகு பல இரவுகள் அதை நினைத்துக் கிடந்திருக்கிறேன்.

1948 ஜூனில் அரசர் 'இந்தியாவின் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை விட்டுவிட்டார். 1951இல் இலங்கைக்கு வந்த காசுகளில் வெறுமனே ஆறாம் ஜார்ஜ் அரசர் என்றுதான் இருந்தது. அரசரால் அந்தச் சொல்லை இறக்கிவைக்க முடிந்தது. எங்கள் ஆட்களால் முடியவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பிரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மிச்சம் பிறகு. கைக்குக் கை சில்லறை பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். என் அப்பாவின் பேர் மூன்று இலட்சத்தில் வந்தது. தாத்தாவின் தம்பி குடும்பம் மற்றதில்.

1971இல் சின்னத் தாத்தா புறப்பட்டார். ஹட்டன் ஸ்டேஷனில் நின்றவர்களின் அழுகையை நான் எழுதப் போவதில்லை. அதைக் கேட்டவர்களுக்கு எழுத வேண்டியதில்லை. முந்தின நாள் அப்பாயி மஞ்சள் துணியில் இரண்டு முடிச்சுப் போட்டாள். இரண்டிலும் நாற்பத்து மூன்றாம் வருசச் சல்லி ஒவ்வொன்று. ஒன்றைச் சின்னத் தாத்தாவின் மடியில் வைத்தாள். மற்றதை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகினாள். திரும்பப் பார்க்கும் அன்று இரண்டையும் சேர்த்து அவிழ்த்து உண்டியலில் போடுவதாக நேர்த்தி. பொல்காவலை, மதவாச்சி, மன்னார், தலைமன்னார். அங்கிருந்து கப்பல். சின்னத் தாத்தா கடைசியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரைச் சிலோன்காரர் என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தார். இரண்டு முடிச்சும் அவிழவில்லை.

பிறகு பஞ்சம் வந்தது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மா இல்லை, அரிசி இல்லை, வேலை வாரத்துக்குச் சில நாள். பழைய பித்தளையும் செம்பும் வாங்குகிறவர் தராசோடு லயத்துக்கு லயம் வந்தார். குடம், குத்துவிளக்கு, சீதனமாக வந்த தாம்பாளம் எல்லாம் போயின. பிலிமத்தலாவைப் பட்டறைகளுக்குப் போகிறது என்றார்கள். எங்கள் மலையில் செப்புச் சல்லி மொத்தமாக மறைந்தது அந்தத் தராசில்தான் என்று நினைக்கிறேன். பிஸ்கட் தகரங்களிலும் தலையணைக்குள்ளும் இருந்ததையெல்லாம் நிறுத்துக் கொடுத்தார்கள். எத்தனை வருசங்கள் அப்படிப் போயினவோ! அப்பாயியும் குடத்தைக் கொடுத்தாள், வெற்றிலைச் செல்லத்தைக் கொடுத்தாள். தகரத்தைத் திறந்தாள். ஒரு பிடி அள்ளினாள். திரும்பப் போட்டுவிட்டாள். அன்று இரவு நாங்கள் காட்டுக் கீரை அவித்துத் தின்றோம்.

1976இல் அவள் போனாள். கடைசி நாட்களில் நினைவு தப்பும்போதெல்லாம் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருப்பாள். ஏதோ சல்லி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

நான் ஆசிரியனாகிக் கண்டியிலும் கொழும்பிலும் இருந்த காலத்தில் சல்லி சேர்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. கோட்டை நடைபாதையில் பழைய காசைத் தட்டில் பரப்பி விற்பவர்களிடம் குனிந்து நின்றிருக்கிறேன். ஆறாம் ஜார்ஜின் வெண்கலச் சதம் இன்றும் மலிவுதான். நூற்றுக்கணக்கில் பார்த்தேன். பழக்கதோஷம், முதலில் வருடத்தைத்தான் பார்ப்பேன். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்து மூன்று. விற்பவர், "என்ன வருசம் தேடுறீங்க?" என்பார். சொல்ல மாட்டேன். அது எங்கள் வீட்டு விஷயம்.

தொண்ணூறுகளில் ஒருநாள், ஒரு நண்பர் வீட்டில் கிரவுஸும் மிஷ்லரும் தொகுத்த உலக நாணயப் பட்டியலைப் பார்த்தேன். டெலிபோன் புத்தகம்போல் தடித்தது. இலங்கைப் பக்கத்தைத் திறந்து, ஆறாம் ஜார்ஜ், ஒரு சதம் என்ற இடத்தில் விரலை வைத்தேன். விளக்கடியில் வாசித்ததுபோலவே வாசித்தேன். முப்பத்தேழு. நாற்பது. நாற்பத்திரண்டு. அதற்குப்பின் வெண்கலம்: நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து. மேலே அரைச் சதம்: முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நாற்பது. திரும்ப ஒருமுறை மேலிருந்து வாசித்தேன்.

1939இல் இலங்கைக்கு ஒரு சதமும் அடிக்கவில்லை, அரைச் சதமும் அடிக்கவில்லை.

நண்பர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போகும்வரை அந்தப் பக்கத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து வருடம் தாத்தா தேடினார். பதினைந்து வருடம் அப்பாயி தேடினாள். ஹட்டன் பஜாரிலும் மஸ்கெலியாவிலும் கோயில் உண்டியலிலும் அந்தச் சல்லி கிடைக்காமல் போனது அவர்களுடைய அதிர்ஷ்டக் குறைவு இல்லை. சட்டம் ஏழு வருடம் கேட்டது. அந்த ஏழில் முதல் வருடத்துக்கு அரசாங்கமே சல்லி அடித்திருக்கவில்லை. கடைசி வருடத்தோடு, நாற்பத்தைந்தோடு, அந்தச் சதமும் நின்றுபோனது. தாத்தாவின் வரிசை முழுமையாகத்தான் இருந்தது. கைக்குட்டையை அவர் அவிழ்த்திருக்கலாம். அவிழ்த்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 'ஒண்ணு கொறையுதே' என்று அவர் தன்னைத்தானே குறைசொல்லிக்கொண்டு வீடு திரும்பியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. அப்பாயியைப் புதைத்த மேட்டுக்குப் போனேன். பக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர்கள் அடுத்த நிரைக்குப் போகும்வரை காத்திருந்து சொன்னேன்: "முப்பத்தொம்பது அடிக்கவே இல்ல, அப்பாயி."

எங்களில் மிஞ்சிய அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. இப்போது என் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு எல்லாம் இருக்கின்றன. உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கொழும்பு கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இந்தக் காசுகள் விளக்கு வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. தேய்மானமில்லாத, அழகான காசுகள். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவற்றில் எந்தக் கையின் வாடையும் இருக்காது.

தகரம் என்னிடம் இருக்கிறது. உள்ளே ஒரு கறுப்புத் துணி விரித்து, அப்பாயி வைத்திருந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். நான் புளிபோட்டுத் தேய்த்த சல்லிகள் அறுபது வருடத்தில் திரும்பவும் கபில நிறத்துக்கு வந்திருக்கின்றன. முப்பத்தெட்டாம் வருச அரைச் சதத்துக்கும் நாற்பதாம் வருசச் சதத்துக்கும் நடுவே ஒரு சல்லி அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். பேத்தி விளையாடும்போது, வரிசை அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிடுவாள். அவள் தூங்கியபிறகு, அந்த இடத்தை மறுபடியும் விலக்கி வைக்கிறேன்.